அந்நிய வாசனை

இன்னும் ஒரு டம்ளர் குடித்துவிடலாமா என்று செவ்வந்தி நினைத்த மாத்திரத்தில், ஏற்கெனவே குடித்திருந்த தண்ணீரெல்லாம் உள்ளே ஒன்றுகூடி வேண்டவே வேண்டாம் என்றது. தில்லை நகரில் அந்த ஸ்கேன் சென்டரின் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோர் மடியிலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, எல்லோரும் காலை ஒட்டி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் சாய்ந்தால்கூட ஆபத்து என்பது அந்தக் கூடத்தில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "நல்லா முட்டிக்கிட்டு வரும்போது சொல்லுங்க மேடம், அப்பத்தான் டாக்டர் பார்ப்பாங்க," என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லியிருந்தாள். முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் முட்டுவது தண்ணீரா பயமா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது, இரண்டும் ஒரே அடிவயிற்றில் அல்லவா குடியிருக்கின்றன. போன தடவை இதே கூடம், இதே நாற்காலி, இல்லை, அது ஜன்னலோரத்து நாற்காலி, அதனால்தான் இன்று அதில் உட்காரவில்லை, அப்படி நாற்காலி பார்த்து உட்காருவது மூடநம்பிக்கை என்று தெரிந்தும் உட்காரவில்லை. அன்றைக்கு டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து அழுத்தி, இன்னும் அழுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டே, "பை தெரியுது. துடிப்பு தெரியலை. நாள் கணக்கு முன்னப்பின்ன இருக்கலாம். ஒரு வாரம் கழிச்சு வாங்க, பார்ப்போம்," என்றார். பார்ப்போம். அவளுடைய கைடு, ஆய்வேட்டைக் கொடுத்தால், பார்ப்போம் என்பார். வீட்டு ஓனர், சுவரில் ஓதம் என்றால், பார்ப்போம் என்பார். இதுவரை இருவருமே பார்த்ததில்லை. அந்த வார்த்தையை நம்பி ஒரு வாரம் முழுக்க ஒரு மனுஷி எப்படிச் சாப்பிட்டு, பஸ் ஏறி, எலிகளுக்குக் கூண்டு மாற்றி, சிரித்த முகமாக இருப்பது? இருந்தாள். இன்று பார்த்துவிடுவார்கள். துடிப்பு இருக்கும், அல்லது இருக்காது. மூன்றாவதாக ஒரு விடைக்கு இடமில்லை, ஆய்வுக்கூடத்தில்கூட சந்தேகத்துக்கு என்று ஒரு கட்டம் விட்டுவைப்பார்கள், இங்கே அதுவும் கிடையாது.

அம்மா பூங்காவனம் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியவளே அம்மாதான். பெரியப்பா வீட்டுக்குத் தெரியாது, மாமியாரிடம்கூட "வயித்துக் கோளாறுன்னு சொல்லிக்கோ" என்று உத்தரவு. ஆனால் சொந்தக்காரர்களிடம் மறைத்த அத்தனையையும் சேர்த்து வைத்து, வந்த கால் மணி நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கொட்டிவிட்டாள். "எம்பொண்ணு இதத்தான் படிச்சிருக்கா. எலிக்கு எப்படிப் புள்ள தங்குது, ஏன் தங்கலன்னு ஆராய்ச்சி. டாக்டரு. இந்த ஊசி போடுற டாக்டரு இல்ல, அதுக்கும் மேல." மேலே இல்லையம்மா, வேறே, அதுவும் இன்னும் முடிக்கவில்லை, என்று செவ்வந்தி வழக்கம்போலத் திருத்த வாயெடுத்து, வழக்கம்போல விட்டுவிட்டாள். ஊரில் அவள் பெயர் எலி டாக்டர். அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்டில், "உங்க பொண்ணு மருந்து குடுத்தா எலி சாவுமாண்ணே?" என்று கேட்பார்கள், அப்பா ரோஷமாக, "எம்பொண்ணு எலியக் கொல்றவ இல்லடா, பொறக்க வைக்கிறவ," என்பார், அதற்கு அவர்கள், "ஏற்கெனவே இருக்கிறது பத்தாதா?" என்பார்கள். குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் என்று சுவரில் படம் மாட்டியிருக்கிறது, கறுப்பு அங்கியில், கையில் உருட்டிய காகிதத்தோடு. அந்தப் படத்தில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்புகிறார்கள். படத்தில் இருப்பவளுக்கு அன்று அங்கி கழுத்தில் குத்தியது மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் அவளுக்கு மறுபக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். யாருடைய கணவரோ, செண்டு பலமாக அடித்திருந்தார், செண்டுக்கு அடியில் வெயிலும் வியர்வையும். செவ்வந்தி சட்டென்று எழுந்து, அம்மாவைத் தாண்டி, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். "என்னடி?" என்றாள் அம்மா. "காத்து வரலை." காற்று நன்றாகத்தான் வந்தது. விஷயம் வேறு, அதை யாரிடமும் சொல்ல முடியாது, கைடிடம் சொன்னால் ஆய்வுக்கூடச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வார். ஜோடி சேர்ந்த பெண் எலியின் கூண்டுப் பக்கம், முன்பின் பழகாத ஓர் ஆண் எலியைக் கொண்டுவந்து வைத்தால், அந்த அந்நிய வாசனை மூக்கில் ஏறியதும் பெண் எலியின் உடம்பு கணக்கை மாற்றிக்கொள்ளும், கரு ஒட்டாமலே போய்விடும். இந்த வாசனையைப் பிடிப்பதற்கென்றே எலியின் மூக்கில் தனியாக ஓர் உறுப்பு இருக்கிறது, அந்த உறுப்புக்கென்று ஏகப்பட்ட ஜீன்கள் இருக்கின்றன. மனிதருக்கு அந்த ஜீன்களில் பெரும்பாலானவை எப்போதோ கெட்டுப்போய், ஆளில்லாத வீடு மாதிரி வெறுமனே நிற்கின்றன. எலிக்கே அது கரு ஒட்டுவதற்கு முந்தின சில நாட்களுக்குத்தான், ஒட்டிவிட்டால் பயமில்லை. இதையெல்லாம் அவளே ஒரு கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லி, கைதட்டலும் வாங்கியிருக்கிறாள். எல்லாம் தெரிந்த அந்தத் தலை, நீ எலி இல்லையடி என்று சொல்லிக்கொண்டே இருந்தது, ஆனால் எழுந்து போய் சுவரோரம் உட்கார்ந்தது கால்கள். ஒரு வாரமாக இப்படித்தான். பஸ்ஸில் பெண்கள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டாள். மாடி வீட்டு சார் வாழைப்பூ கொடுக்க வந்தபோது, கதவைத் திறக்காமல், "அப்படியே வாசல்ல வச்சிடுங்க சார்," என்றாள், அவர் பாவம், வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேப்பிலையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இதற்கு மாற்றும் எலியிடமே இருக்கிறது. தன்னோடு சேர்ந்த ஆணின் வாசனையைப் பெண் எலி நினைவில் வைத்துக்கொள்ளும், அந்த வாசனை வந்தால் ஒன்றும் ஆகாது, கரு பத்திரமாக இருக்கும். மதியழகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறான், மாதத்தில் இரண்டு முறை வருவான், வந்ததும் தூங்குவான், தூங்கி எழுந்ததும் போய்விடுவான். முதல் ஸ்கேனுக்குப் பிறகு அவனிடம் போனில் சொன்னபோது, அவன், "நீதானே படிச்சவ, நீ என்ன நினைக்கிற?" என்றான். அந்தக் கேள்விக்கு அவள் அழுதுவிட்டாள். அன்றைக்கு மாலை உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய இளநீலச் சட்டை தொங்குவதைப் பார்த்தாள். அவன் வாங்கும் சட்டை எல்லாமே இளநீலம், கடையில் வேறு நிறம் காட்டினால் கோபம் வரும். துவைக்காத சட்டை. மெஷின் ஆயில் வாடை, அதற்கடியில் வியர்வை, அதற்கடியில் அவன். அறிவியல் இல்லை, ஆனால் கெடுதலும் இல்லை, என்று தனக்குத் தானே ஒரு அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டு, அன்றிலிருந்து அதைத் தலையணைக்கு மேல் போட்டுத் தூங்கினாள், விடிந்ததும் அம்மா கண்ணில் படாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். கழுத்துப் பட்டி பெரிதாக இருந்தது. பாவம், கல்யாணத்துக்கு முன்னால் இந்த அளவு இருந்திருக்கிறான், மெஸ் சாப்பாட்டில் கரைந்துபோய்விட்டான் என்று நினைத்தபோது கண்ணீர் வந்துவிட்டது. இப்போதும் அந்தச் சட்டை ஒரு ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி அவளுடைய பையில் இருந்தது. அந்தச் செண்டு ஆசாமியின் காற்று இந்தப் பக்கம் வரும்போதெல்லாம், கைக்குட்டை தேடுகிறவள் போலப் பைக்குள் முகத்தை விட்டு ஒரு தடவை முகர்ந்துகொண்டாள்.

"ஏம்மா, ஜீன் ஜீன்ங்கிறாங்களே, அது என்ன, ஜாதகம் மாதிரியா?" மருமகளைக் கூட்டிவந்திருந்த லால்குடிக்கார அம்மா நேராகச் செவ்வந்தியிடமே கேட்டுவிட்டார். "ஜாதகம் இல்லைங்கம்மா. சமையல் குறிப்பு மாதிரி வச்சுக்கலாம். உடம்பு அதைப் பார்த்துச் செய்யும். எல்லாக் குறிப்பையும் எல்லா நேரமும் பார்க்காது, அந்தந்த நேரத்துக்கு எது வேணுமோ அதைத்தான் திறக்கும்." "அப்ப எங்க மருமகளுக்கு யாரோ அளவு தப்பாப் போட்டுட்டாங்க போல." "அத்தை, கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்றாள் மருமகள், பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி. "சரி, பையன் வீட்டு ஜீன் ஓங்குமா, பொண்ணு வீட்டு ஜீன் ஓங்குமா?" செவ்வந்திக்குக் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லாமல் இருக்க வராது, சின்ன வயதிலிருந்தே வராது, அதனாலேயே வகுப்பில் அடிவாங்கியிருக்கிறாள். "சில ஜீன் அப்படித்தாங்கம்மா. அப்பா வழி வந்தது நஞ்சுக்கொடியைப் பார்த்து, இன்னும் எடு, இன்னும் எடுன்னு சொல்லும். அம்மா வழி வந்தது, போதும், தாய்க்கும் மிச்சம் வைன்னு சொல்லும். ரெண்டும் இழுத்துக்கிட்டே இருக்கிறதாலதான் புள்ள அளவா வளருது." லால்குடி அம்மா, "கல்யாணப் பந்தின்னு சொல்லு. மாப்ள வீட்டுக்காரன் அப்பளம் கொண்டா, பாயசம் கொண்டாம்பான். பொண்ணைப் பெத்தவன் சமையக்கட்டுல நின்னு பாத்திரத்தச் சுரண்டுவான்," என்றார். கூடமே சிரித்தது. "ஐயோ அத்தை, சிரிக்க வைக்காதீங்க, வந்துரும்!" என்று மருமகள் காலைப் பின்னிக்கொண்டாள். செவ்வந்தியும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு இறங்கி இறங்கி அடிவயிற்றுக்குப் போய், அங்கே இருந்த பயத்தின் மேல் மோதி நின்றது.

பந்தி நடக்க முதலில் மண்டபம் திறக்க வேண்டும். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மூன்று ஆங்கில எழுத்தில் பேர் வைத்த ஒரு ஜீன், கருப்பையின் கதவைக் கொஞ்ச நேரம் மட்டும் திறந்து வைப்பதில் அதற்கு ஒரு பங்கு. அந்த ஜீனை எடுத்துவிட்ட பெண் எலிகள் பார்க்க ஒரு குறையும் இல்லாமல் இருக்கும், மினுமினுவென்று, மற்றதைவிடச் சுறுசுறுப்பாக. முட்டை உண்டாகும், கரு உண்டாகும், ஒட்டாது. அதே கருவை எடுத்து வேறொரு தாயின் வயிற்றில் வைத்தால் ஒட்டிக்கொண்டு ஜம்மென்று வளரும். அப்படியானால் குறை கருவில் இல்லை. "கரு நலமாக இருந்தது, தாய் ஏற்கவில்லை" என்று அவள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தாள், கைடு அந்த வரியை மட்டும், தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். ஏற்கவில்லை. இந்த ஒரு வாரமாக அந்த வினைச்சொல் எலும்புத் துண்டு மாதிரி தொண்டையில் நிற்கிறது. அந்த எலி என்ன, வேண்டாம் என்றா சொன்னது? அதற்குத் தெரியுமா, தனக்குள் ஒரு குறிப்பு கிழிந்திருக்கிறது என்று? அது பாட்டுக்குப் பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தது, நான்தான் பேனாவை எடுத்து அதன் மேல் பழியைப் போட்டேன். அம்மாவுக்கு அவளுக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. சித்திக்கு ஒன்றுமே தங்கவில்லை, சித்தியைக் கோயில் கோயிலாக அலையவிட்டார்கள், கடைசியில் சித்தியே யாருடைய வளைகாப்பிலும் வளையல் அடுக்கப் போகாமல் பின்வாசலில் பாத்திரம் தேய்க்கிறவளாக ஆகிப்போனாள். இது வழியாக வருவதா? அப்படி ஒரே ஒரு ஜீனில் எல்லாம் இருக்காது, பெண்கள் பாதிப்பேர் வீட்டில் இப்படி ஒரு கதை இருக்கும், முதல் மாதங்களில் தங்காமல் போவது பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கணக்கு பிசகுவதால், தாய்மேல் தப்பே இல்லை, என்று அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது தெரிகிறது, அவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள். மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தார் சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள், சுகப்பிரசவத்துக்கு. பிரசவத்துக்கு இப்போதே ஏனம்மா, முதலில் துடிப்புக்கு வேண்டிக்கொள், துடிப்புக்கு என்ன பழம்? சீப்பா, தாரா? சீ, என்ன யோசனை இது. தண்ணீர் முட்டுகிறது. காவிரி வெள்ளத்தை நினைக்காதே. முக்கொம்பை நினைக்காதே. மதகு, மதகு என்று நினைத்தால் இன்னும் மோசம்.

"ஏசி குளுருது, உடம்பு நடுங்குது பாரு," என்றாள் அம்மா. நடுங்கியது குளிரினால் இல்லை. ஆனால் அம்மா அதற்குள் பையைத் திறந்து துண்டு தேடினாள், கவரை வெளியே எடுத்தாள், செவ்வந்தி பிடுங்குவதற்கு முன்னால் சட்டை கூடத்தின் நடுவே விரிந்து தொங்கியது. "இது என்னடி?" செவ்வந்தி அம்மாவின் காதருகே குனிந்து, "அவர் சட்டைம்மா. சும்மா, துணைக்கு. பேசாம உள்ள வை," என்றாள். அம்மா சட்டையைத் திருப்பினாள், கழுத்தைப் பார்த்தாள், கையின் ஓரத்தில் ஒரு சின்னச் சுட்ட ஓட்டையைப் பார்த்தாள், பாக்கெட்டுக்குள் விரலை விட்டு ஒரு சுருள் ஃப்யூஸ் கம்பியை எடுத்தாள். "அடிப்பாவி! மாப்ள சட்டையா இது? மோட்டார் ரிப்பேர் பண்ண வந்தாரே சகாயம், அவரு சட்டைடி! உள்ற மாட்டிட்டு பனியனோட கெணத்துல எறங்கினவரு, மறந்துபோயி அப்படியே வண்டியேறிட்டாரு. மனுசன் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டுப் போறாரு, நானும் வீடு பூராத் தேடுறேன், இங்க இவ மூட்டை கட்டி வச்சிருக்கா!"

செவ்வந்திக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு கூண்டுக்கும் சீட்டு ஒட்டுகிறவள். சின்னஞ்சிறு குழாயின் மூடியில்கூட எழுதி வைக்கிறவள். ஒரு நாளாவது மாதிரியின் பெயரைச் சரிபார்க்காமல் கையில் எடுத்ததுண்டா? பாக்கெட்டில் ஏதோ தட்டுப்பட்டபோதுகூட, அவன் வைத்தது அப்படியே இருக்கட்டும் என்று தொடாமல் விட்டாள். ஒரு வாரம். தலையணை மேல் போட்டு, முகத்தை வைத்து, ஆழ்ந்து, நிதானமாக, வேறு யாரோ ஒருவரை. மோட்டார் சகாயம் அண்ணன் நல்லவர், ஐம்பது வயது, மீசை நரைத்தவர், வேலை முடித்துப் போனவுடன் "தண்ணி வருதாம்மா?" என்று அக்கறையாகப் போன் பண்ணுகிறவர், ஆனால் அந்நிய ஆண், சுத்தமான அந்நிய ஆண், கட்டுரையில் எழுதுவதற்கென்றே செய்த மாதிரி ஓர் அந்நிய ஆண். பெரிய கழுத்துப் பட்டிக்காகக் கண்ணீர் விட்டேனே, அதுவும் சகாயம் அண்ணனுக்கா. நீ எலி இல்லை. நீ எலி இல்லை. எலியாகவே இருந்தாலும் ஒட்டியபின் பயமில்லை. ஒட்டியிருந்தால். துடிப்பு தெரியவில்லை என்றாரே. "சகாயம்னா யாரு?" என்று லால்குடி அம்மா ஆர்வமாகக் கேட்பது எங்கோ தூரத்தில் கேட்டது. அப்போது கவுண்டர்ப் பெண், "செவ்வந்தி மதியழகன்! ஃபுல்லா இருக்கா மேடம்?" என்றாள். இதற்கு மேல் எந்தப் பாத்திரமும் ஃபுல்லாக இருக்க முடியாது.

உள்ளே இருட்டு. படுக்கையில் காகித விரிப்பு சரசரத்தது. வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவி, டாக்டர் கருவியை வைத்து அழுத்தினார், நேராகத் தண்ணீர் மேல். "கொஞ்சம் பொறுத்துக்குங்க." பொறுத்துக்கொண்டாள். திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. டாக்டர் பேசவில்லை. போன தடவையும் பேசவில்லை. பேசாமல் இருக்கும் அந்த நேரத்தை அவளுக்குத் தெரியும், கூண்டைத் திறந்து பஞ்சை விலக்கிப் பார்க்கும்போது அவளே பேசாமல்தான் இருப்பாள். இனிமேல் பேசுவேன், எலியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பார்ப்பேன், அந்த வரியையும் மாற்றி எழுதுவேன், தாய் ஏற்கவில்லை என்று எழுதமாட்டேன், ஒட்டவில்லை என்று மட்டும் எழுதுவேன், அவ்வளவுதானே எனக்குத் தெரியும், அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும். கருவி நகர்ந்தது, நின்றது, அதே இடத்தில் நின்றது. "நாள் கணக்குதான் தப்பு," என்றார் டாக்டர். "இதோ, பாருங்க." திரை இந்தப் பக்கம் திரும்பியது. சாம்பல் மழைக்கு நடுவே ஒரு கறுப்புக் குளம், குளத்தின் ஓரத்தில் ஒரு அரிசி, அரிசிக்குள் ஏதோ ஒன்று சிமிட்டிக்கொண்டே இருந்தது, விடாமல், அவசர அவசரமாக, பந்தியில் இடம் பிடிக்க ஓடி வந்து மூச்சு வாங்குகிற மாதிரி. மண்டபம் திறந்திருக்கிறது. இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா. எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறது, செண்டு ஆசாமியை, பஸ்ஸை, ஒரு வாரம் முழுக்கச் சகாயம் அண்ணனை. செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள், வந்துவிட்டது. வயிறு குலுங்கியது. "சிரிக்காதீங்கம்மா, படம் ஆடுது," என்றார் டாக்டர். ஆடிய படத்திலும் அது சிமிட்டிக்கொண்டேயிருந்தது.

விடுவித்ததும் பசையைக்கூடச் சரியாகத் துடைக்காமல், புடவையை வாரிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, யார் முகத்தையும் பார்க்காமல், வாயைப் பொத்திக்கொண்டு. "பாப்பா!" என்றாள் அம்மா. பதிலில்லை, கழிவறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சிரிப்பை அடக்கத்தான் வாயைப் பொத்தினாள் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும். கூடமே சத்தமில்லாமல் போய்விட்டதை அவள் உள்ளே இருந்தே கேட்டாள். லால்குடி அம்மா, "ஐயோ, தாயி," என்பதும், நாற்காலிகள் நகர்வதும், அம்மாவின் செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு கதவருகே வந்து நிற்பதும் கேட்டது. சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும், ஆனால் இந்த உடம்பு ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் செய்யும், எந்த ஜீன் என்ன சொன்னாலும். "பாப்பா, அழுவாதடி," என்றாள் அம்மா கதவுக்கு வெளியே, அழுதுகொண்டே, "நான் ரெண்டு பார்த்தவதானே, அதுக்கப்புறந்தானே நீ வந்த." அம்மா தன் வாயால் இதைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "இருக்கும்மா!" என்று செவ்வந்தி உள்ளிருந்து கத்தினாள், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல். "துடிக்குதும்மா! நல்லாத் துடிக்குது!" கூடத்தில் யாரோ கைதட்டினார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள், "ஐயோ, எனக்கும் வந்துரும் போலிருக்கே," என்று மருமகள் சிணுங்கினாள். செவ்வந்தி முகம் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தபோது, அம்மா வாசலிலேயே நின்று, விக்கி விக்கி, மூக்கையும் கண்ணையும் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள், கையில் கிடைத்ததை வைத்து. அது சகாயத்தின் சட்டை. "துவைச்சுத்தாண்டி குடுக்கணும்," என்றாள் அம்மா, அதன் இன்னொரு கையைத் தேடி எடுத்து மகளின் முகத்தையும் துடைத்துவிட்டபடி.